ஐஎம்ஏ கேஸ்: ஃபைல் எந்த டேபிள்ல தூங்குச்சு?

ஜனங்ககிட்ட கோடிக்கணக்குல பணம் வாங்கிட்டு 2019ல மூடின ஐஎம்ஏ பத்தி பெங்களூர்ல யார்கிட்ட பேச்சு எடுத்தாலும் அதை நடத்தின மன்சூர் கான்ல ஆரம்பிச்சு மன்சூர் கான்லயே முடிச்சுடுவாங்க, அந்த ஆடியோ, துபாய்க்கு ஓடினது, டெல்லி ஏர்போர்ட்ல பிடிச்சது, எல்லாமே சினிமா மாதிரி இருக்கறதால அதுலயே பேச்சு நின்னுடும். நான் இங்க பாக்கப் போறது அவரை இல்ல. இவ்வளவு பெரிய கடை சிவாஜிநகர் நடு ரோட்டுல வருஷக்கணக்கா திறந்து கிடந்தப்போ அதைப் பாக்க வேண்டிய ஆபீஸ்கள் என்ன செஞ்சுட்டு இருந்தாங்க, எந்த சட்டம் கையில இருந்துச்சு, அதை ஏன் எடுக்கல, அப்புறம் பணம் போனவங்களுக்கு அரசாங்கம் என்ன வழி செஞ்சுது, இவ்வளவுதான்.

முதல்ல கதை சுருக்கமா. ஐ மானிட்டரி அட்வைசரி, அதுதான் ஐஎம்ஏ, 2006ல ஆரம்பிச்சது. வட்டி வேணாம்னு நினைக்கற முஸ்லிம் குடும்பங்கள்தான் குறி, "இது வட்டி இல்ல, ஹலால் லாபம், தங்க வியாபாரத்துல உங்க பங்கு"ன்னு சொல்லி மாசம் 2.5, 3 சதவீதம்னு குடுத்தாங்க. மாசம் 3னா வருஷத்துக்கு 36, அப்போ பேங்க்ல ஃபிக்ஸட் டெபாசிட் போட்டா அதுல கால்வாசி கிடைச்சா பெருசு. நகைக்கடை, ஆஸ்பத்திரி, மருந்துக்கடைன்னு ஒண்ணொண்ணா வந்துச்சு, சிவாஜிநகர்ல ஒரு அரசுப் பள்ளியை தத்து எடுத்து கட்டடமெல்லாம் புதுசு பண்ணிக் குடுத்தாங்க, அதைப் பாத்த மனுஷன் எவன் சந்தேகப்படுவான். 2019ல லாபம் வர்றது தள்ளிப்போச்சு, ரம்ஜான் லீவுன்னு கடை மூடினாங்க, ஜூன் 10ம் தேதி தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு மன்சூர் கான் பேசின ஒரு ஆடியோ வாட்ஸப்ல வந்துச்சு, லேடி கர்சன் ரோட்டுல கூட்டம் கூடிடுச்சு. கொஞ்ச நாள்ல கம்ப்ளெயிண்ட் 40,000ஐத் தாண்டுச்சு. மொத்தம் வசூல் சுமார் 4,000 கோடின்னு சிபிஐ சொல்லுது.

சரி, இதைக் கண்காணிக்க வேண்டியது யாரு? இங்கதான் விஷயமே இருக்கு.

நம்ம நாட்டுல பணம் வாங்கற கடைக்கு ஒரே ஒரு முதலாளி ஆபீஸ் கிடையாது. பேங்க், என்பிஎஃப்சி, அதாவது பேங்க் இல்லாத ஃபைனான்ஸ் கம்பெனின்னா ஆர்பிஐ. நிறைய பேர்கிட்ட பணம் திரட்டி ஒண்ணா முதலீடு பண்ற ஸ்கீம்னா செபி. இன்சூரன்ஸ்க்கு ஐஆர்டிஏஐ. மெம்பர்களுக்குள்ளயே பணம் வாங்கி கடன் குடுக்கற "நிதி" கம்பெனி, கம்பெனி டெபாசிட் எல்லாம் கம்பெனி விவகார அமைச்சகம். மாநில அரசு கையில இருக்கறது என்னன்னா சீட்டு, வட்டிக்கடை, கோ-ஆபரேட்டிவ் சொசைட்டி, அப்புறம் இது எதுலயுமே சேராம ஜனங்ககிட்ட டெபாசிட் வாங்கற யாரா இருந்தாலும் அவங்க. கடைசியா சொன்னது முக்கியம், ஏன்னா மத்த எல்லா வலையிலயும் ஓட்டை வழியா நழுவினவன் கடைசியா வந்து விழ வேண்டிய வலை மாநில அரசோடது.

ஐஎம்ஏ என்ன பண்ணுச்சுன்னா, பணம் போட்டவங்களை டெபாசிட்தாரர்னு சொல்லவே இல்ல. எல்எல்பி, அதாவது 2008 சட்டத்துல வந்த பார்ட்னர்ஷிப் மாதிரி ஒரு அமைப்பு, அதுமாதிரி நிறைய ஆரம்பிச்சு பணம் போட்ட ஒவ்வொருத்தரையும் பார்ட்னர்னு காட்டிட்டாங்க. ஆர்பிஐ கேட்டா "நாங்க என்பிஎஃப்சி இல்ல", டெபாசிட் சட்டம்னு வந்தா "இது டெபாசிட் இல்ல, பார்ட்னரோட மூலதனம், லாபத்துல பங்கு". வீட்டு நகையை வித்துட்டு வந்து 50,000 ரூபா போட்ட பாட்டிம்மாவும் பேப்பர்ல பிசினஸ் பார்ட்னர், கணக்கு புக்கை ஒரு தடவை கூட பாக்காத பார்ட்னர். யோசிச்சுப் பாருங்க, பேப்பரை மட்டும் பாக்கற ஆபீசருக்கு இது போதும், அவர் "எங்க வரம்புல வரல"ன்னு எழுதி ஃபைலை தள்ளிடலாம்.

ஆனா ஆர்பிஐ சும்மா இல்ல, இதைச் சொல்லணும். ஒவ்வொரு மாநிலத்துலயும் மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கு, எஸ்எல்சிசின்னு சொல்வாங்க, 2014ல அதை மாத்தி அமைச்சு தலைமைச் செயலரையே தலைவரா போட்டாங்க. ஆர்பிஐ, செபி, கம்பெனி ரிஜிஸ்ட்ரார், சீட்டு ரிஜிஸ்ட்ரார், போலீஸ் பொருளாதாரக் குற்றப் பிரிவு எல்லாரும் ஒரே மேஜையில உக்காந்து யார் யார் ஊர்ல தப்பா பணம் வசூல் பண்றாங்கன்னு பேசறதுக்குன்னே வச்ச கூட்டம். அந்தக் கூட்டத்துல ஐஎம்ஏ பேர் 2015-16 வாக்கிலேயே வந்தாச்சு, ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்ப. அதாவது கடை மூடறதுக்கு மூணு நாலு வருஷம் முன்னாடியே மேல இருக்கறவங்க காதுல விழுந்துடுச்சு. தகவல் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

சட்டம் இல்லன்னும் சொல்ல முடியாது. கர்நாடகாவுல கேபிஐடி சட்டம் 2004 இருக்கு, டெபாசிட்தாரர் நலன் காக்கற சட்டம். இதுக்கு மூத்த அண்ணன் நம்ம தமிழ்நாட்டு 1997 சட்டம், 90கள்ல சென்னையில தெருவுக்குத் தெரு பெனிஃபிட் ஃபண்டு, ஃபைனான்ஸ்னு திறந்து மூடினாங்களே, அந்தக் காலத்து அடியில பொறந்தது. மகாராஷ்டிரா 1999ல போட்டாங்க. இந்த மாதிரி சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லன்னு ஃபைனான்ஸ்காரங்க கோர்ட்டுக்குப் போய், தமிழ்நாட்டு சட்டம் செல்லும்னு 2011ல பாஸ்கரன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனால 2015ல கர்நாடகா அரசாங்கம் கையில இருந்தது நல்ல பலமான சட்டம்தான். பேர் என்ன வேணா வச்சுக்கோ, ஸ்கீம் எது வேணா இருக்கட்டும், திருப்பித் தர்றேன்னு சொல்லி ஜனங்ககிட்ட பணம் வாங்கினா டெபாசிட், அவ்வளவு அகலமா எழுதியிருக்கு. சொத்தை அட்டாச் பண்ணலாம், அதாவது முடக்கலாம், அதுக்குன்னு ஒரு தகுதியுள்ள அதிகாரியைப் போடலாம், ஸ்பெஷல் கோர்ட் ஏலம் விட்டு பங்கு பிரிச்சுக் குடுக்கலாம்.

இன்னொண்ணு, இதைத்தான் நான் அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன். பணம் போட்டவன் வந்து கம்ப்ளெயிண்ட் குடுத்தாதான் இறங்கணும்னு இந்தச் சட்டங்கள் சொல்லல. ஜனங்களை ஏமாத்தற நோக்கத்தோட திட்டம் போட்டு நடத்தறாங்கன்னு அரசாங்கத்துக்கே நம்பக் காரணம் இருந்தா போதும், அவங்களே இறங்கலாம்.

நடந்தது என்ன? 2018 கடைசில ரெவின்யூ டிபார்ட்மென்ட் பக்கத்துலேர்ந்து ஒரு பொது நோட்டீஸ் போட்டாங்க, ஐஎம்ஏ மேல புகார் இருக்கறவங்க வரலாம்னு. யாரும் வரல. இதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பு வந்துச்சு, கோவமும் வந்துச்சு. மாசா மாசம் பணம் வந்துட்டு இருக்கு, எவன் போய் புகார் குடுப்பான்? குடுத்தா என்ன ஆகும், கடையை சீல் வைப்பாங்க, அன்னிக்கே என் பணமும் போயிடும். அதுவும் பணம் போட்டதே மச்சான் சொல்லி, மாமியார் சொல்லி, மசூதியில பழக்கமானவர் சொல்லி, இப்போ நான் போய் போலீஸ்ல எழுதிக் குடுத்தா சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கறது. இந்த மாதிரி கேஸ்ல பணம் வர்ற வரைக்கும் புகார் வராது, பணம் நின்ன அன்னிக்கு ஆயிரக்கணக்குல வரும், நடுவுல ஒண்ணும் கிடையாது. புகார் வரலங்கறதை நல்ல கடைக்கு அடையாளமா எடுத்துக்கறது, காய்ச்சல் இல்லன்னு சொல்லி சர்க்கரை வியாதிக்காரனை அனுப்பி வைக்கற மாதிரி. அதுவும் அதே வருஷம் இதே ஊர்ல ஆம்பிடென்ட்னு இன்னொரு கம்பெனியோட மோசடி வெடிச்சாச்சு, அதே ஹலால் பேச்சு, அதே மாச லாபம், அதுக்கப்புறமும் இப்படி.

அப்புறம் என்ன, கேபிஐடி சட்டத்துல இது வராதுங்கற மாதிரி ரிப்போர்ட் மேல போச்சு. சிஐடியும் விசாரிச்சு 2019 ஜனவரியில தப்பு ஒண்ணும் தெரியலன்னு முடிச்சாங்க. ஆறு மாசம் கூட ஆகல, கடை மூடியாச்சு. 2019 ஜூலையில பெங்களூர் அர்பன் மாவட்ட ரெவின்யூ அசிஸ்டன்ட் கமிஷனரையும், டெபுடி கமிஷனரையும் (நம்ம ஊர் கலெக்டர் மாதிரி) எஸ்ஐடி, அதாவது போலீஸ் சிறப்புப் புலனாய்வுக் குழு கைது பண்ணுச்சு, சாதகமா ரிப்போர்ட் குடுக்க கோடிக்கணக்குல லஞ்சம்னு குற்றச்சாட்டு. பின்னாடி சிபிஐ போலீஸ் அதிகாரிங்க மேலயும் கேஸ் போட்டுச்சு, அதுல சிலது ஹைகோர்ட்ல நிக்கவும் இல்ல. யார் வாங்கினாங்க வாங்கலங்கறது கோர்ட் சொல்லட்டும். என் கேள்வி வேற. ஒரு அசிஸ்டன்ட் கமிஷனர் மட்டத்து ஆபீசர் கையில, ஜாதி சர்டிஃபிகேட்டும் நில தகராறும் தேர்தல் வேலையும் பாக்கற அதே டேபிள்ல, ஆயிரக்கணக்கான கோடி ஸ்கீம் ஒண்ணை நல்லதா கெட்டதான்னு முடிவு பண்ற வேலையைக் குடுத்திருக்கோம். லஞ்சமே வாங்காத உத்தமரா இருந்தாலும் அவருக்கு ஒரு எல்எல்பி பேலன்ஸ் ஷீட்டைப் படிக்க எந்த டிரெய்னிங் இருக்கு? தங்க வியாபாரத்துல வருஷம் 36 சதவீதம் லாபம் குடுக்க முடியுமான்னு யார்கிட்ட கேப்பார்? எஸ்எல்சிசி மேஜையில ஆர்பிஐ ஆளு, செபி ஆளு, கம்பெனி ரிஜிஸ்ட்ரார் எல்லாரும் இருந்தாங்க, அவங்க அறிவு அந்தக் கூட்டத்தோட மினிட்ஸ்லயே தங்கிடுச்சு, முடிவு எடுக்கற டேபிளுக்கு வந்து சேரல. ஒவ்வொரு ஆபீசும் "இது என்னுதா?"ன்னு ஒரே கேள்வி கேட்டு, இல்லன்னு பதில் வந்ததும் பேனாவை மூடிட்டாங்க, "அப்போ யாருது?"ங்கற ரெண்டாவது கேள்வியை யாரும் கேக்கல.

மூடினதுக்கு அப்புறம் மிஷின் வேகமா ஓடுச்சு, அதை ஒத்துக்கணும். உடனே எஸ்ஐடி போட்டாங்க, புகார் வாங்க தனியா கவுண்டர் போட்டாங்க, ஜூலை 19ல ஆளை டெல்லியில பிடிச்சாங்க, ஆகஸ்ட் கடைசில கேஸ் சிபிஐக்குப் போச்சு. ஹைகோர்ட்டும் பொதுநல வழக்குல அரசாங்கத்தை விடாம கேள்வி கேட்டுச்சு. இந்தக் கேஸுக்குன்னே ஒரு ஐஏஎஸ் அதிகாரியை ஸ்பெஷல் ஆபீசரா, தகுதியுள்ள அதிகாரியா போட்டாங்க, 2020 கடைசில க்ளெயிம் ஃபாரம் வாங்கினாங்க, ஆன்லைன்லயும் போடலாம், முடியாதவங்க பெங்களூர் ஒன்ங்கற அரசு சேவை சென்டர்ல போய் குடுக்கலாம்னு வச்சாங்க. சின்ன தொகை போட்டவங்களுக்கு முதல்லன்னு, 50,000 ரூபா வரைக்கும் உள்ள க்ளெயிம்லேர்ந்து தொடங்கினாங்க. நல்ல முடிவுன்னு நான் நினைக்கறேன், ஏன்னா இருக்கற பணத்தை விகிதாசாரப்படி பிரிச்சா கோடி போட்டவருக்கு கொஞ்சம் லட்சம் வரும், 30,000 போட்ட வீட்டு வேலை செய்யற அம்மாவுக்கு பஸ் காசுதான் வரும்.

இதுல நிறைய பேருக்கு அதிர்ச்சியா இருந்தது கழிச்சுப் பாக்கற கணக்கு. நீங்க 5 லட்சம் போட்டு இருபது மாசம் மாசம் 15,000 வாங்கியிருந்தா 3 லட்சம் ஏற்கெனவே வந்தாச்சு, அது லாபம்னு நீங்க நினைச்சீங்க, ஆனா லாபம்னு ஒண்ணு அங்க இருக்கவே இல்ல, புதுசா வந்தவன் போட்ட பணம்தான் உங்களுக்கு வந்துச்சு, அதனால மீதி 2 லட்சம்தான் உங்க க்ளெயிம். பழைய ஆளுங்க சிலருக்கு போட்டதை விட அதிகமா வந்திருக்கும், அவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. கேக்க கசப்பா இருக்கும், ஆனா வேற எப்படிக் கணக்குப் போட்டாலும் கடைசில சேந்த ஏழைதான் முதல்ல சேந்தவனுக்குப் படியளக்கணும்.

வேகம் குறையறதுக்கு இன்னொரு காரணம் உண்டு, வெளியில அதிகம் பேச மாட்டாங்க. சொத்து ஒண்ணு, அதை முடக்க வர்ற சட்டம் ரெண்டு. அமலாக்கத் துறை (ஈடி) பணமோசடி தடுப்புச் சட்டத்துல 200 கோடிக்கு மேல முடக்கி வச்சாங்க, மாநில அரசு கேபிஐடி சட்டத்துல அதே குடும்பத்து சொத்துகளை முடக்கணும், ஒருத்தர் விட்டாதான் இன்னொருத்தர் ஏலம் போட முடியும், ஏலம் போனாதான் டெபாசிட்தாரருக்குப் பணம். ரெண்டு சர்க்கார் ஆபீஸ் நடுவுல நடக்கற கடிதப் போக்குவரத்துக்கு வரிசையில நிக்கறவன்தான் காத்திருக்கணும்.

இப்போ சட்டம் கொஞ்சம் மாறியிருக்கு. 2019 பிப்ரவரியில அவசரச் சட்டமா வந்து ஜூலையில பார்லிமென்ட் நிறைவேத்தின சட்டம், முறைப்படுத்தப்படாத டெபாசிட் ஸ்கீம் எல்லாத்தையும் தடை பண்ணுது, சுருக்கமா பட்ஸ் சட்டம்னு சொல்வாங்க. இதுல ஏமாத்தினாதான் குத்தம்னு இல்ல, பதிவு இல்லாம டெபாசிட் கேட்டாலே, விளம்பரம் பண்ணினாலே குத்தம். தகுதியுள்ள அதிகாரி அரசுச் செயலர் அந்தஸ்துக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னும் எழுதிட்டாங்க, அந்த அசிஸ்டன்ட் கமிஷனர் டேபிள் பிரச்சனைக்கு ஓரளவு பதில். ஆனா அதே சட்டத்துல டெபாசிட்னா என்னங்கற விளக்கத்துல, எல்எல்பி பார்ட்னர் போடற மூலதனம் டெபாசிட் ஆகாதுன்னு ஒரு விதிவிலக்கும் இருக்கு. நெசமாவே நாலு பேர் சேந்து தொழில் பண்ணினா அவங்களைப் பிடிக்கக் கூடாதுன்னு வச்சது, நியாயம்தான், ஆனா ஐஎம்ஏ நுழைஞ்ச கதவு எதுன்னு பாத்தா இதே கதவு. ஆயிரக்கணக்கான பார்ட்னர் இருக்கற எல்எல்பியை பார்ட்னர்ஷிப்னு ஒத்துக்கலாமாங்கறதை இன்னும் ஒரு ஆபீசர்தான் உக்காந்து முடிவு பண்ணணும்.

இதுக்கு நேர் எதிரா மாநிலக் கண்காணிப்பு ஒழுங்கா வேலை செய்யற இடம் ஒண்ணு காட்டணும்னா பதிவு பண்ணின சீட்டைத்தான் காட்டுவேன். 1982 சீட்டு நிதிச் சட்டம் மத்திய சட்டம், ஆனா நடத்தறது மாநிலம், தமிழ்நாட்டுல பதிவுத்துறை, கர்நாடகாவுல கூட்டுறவுத் துறை. சீட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும், ஒரு சீட்டுத் தொகைக்கு சமமான பணத்தை பேங்க்ல போட்டு ரிஜிஸ்ட்ரார் பேருக்கு பொறுப்பு எழுதி வைக்கணும், அதுக்கப்புறம்தான் தொடங்க சர்டிஃபிகேட். கம்பெனி பேர்லயே சீட்டுன்னு தெரியற வார்த்தை இருக்கணும். 2019 திருத்தத்துல நடத்துறவர் கமிஷன் 5லேர்ந்து 7 சதவீதமாச்சு, தனி ஆள் நடத்தற சீட்டுக்கு மேல் வரம்பு 1 லட்சத்துலேர்ந்து 3 லட்சம், நாலு பேரோ அதுக்கு மேலயோ சேந்த நிறுவனம்னா 6லேர்ந்து 18 லட்சம். தகராறுன்னா சிவில் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம், ரிஜிஸ்ட்ரார்கிட்டயே மனு போட்டா அவங்களே மத்தியஸ்தரா இருந்து தீர்ப்பு குடுப்பாங்க, அதை நில வரி பாக்கி வசூல் பண்ற மாதிரி வசூல் பண்ணலாம்.

ஹலசூர்ல தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க ஒரு சீட்டுல சேரப் போறேன்னு சொன்னப்போ "அக்கா, அனுமதி ஆர்டர் நம்பர் என்னன்னு கேட்டீங்களா?"ன்னேன். "அட போப்பா, பதினஞ்சு வருஷமா நடத்தறாரு, அவருகிட்ட போய் நம்பர் கேட்டா மூஞ்சி சுளிப்பாரு"ன்னாங்க. சரிக்கா, சுளிக்கட்டும், கேளுங்கன்னேன். கேட்டாங்க. ரெண்டு வாரம் "நாளைக்குக் காட்டறேன்"னு ஓடுச்சு, அப்புறம் அக்கா சேரல. அவர் இன்னும் நல்லாத்தான் நடத்திட்டு இருக்கார், அதையும் சொல்லிடறேன், பதிவு இல்லன்னா எல்லாரும் திருடன்னு அர்த்தம் இல்ல. ஆனா நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ரிஜிஸ்ட்ரார் கையில அவரோட பொறுப்புப் பணம் எதுவும் இருக்காது, மனு போடவும் இடம் இல்ல, போலீஸ் ஸ்டேஷன் மட்டும்தான். 2025 ஜூலையில ராமமூர்த்தி நகர்ல வருஷக்கணக்கா சீட்டு நடத்தின குடும்பம் திடீர்னு காணாமப் போச்சுன்னு நூத்துக்கணக்குல புகார் வந்துச்சே, அங்கயும் எல்லாரும் சொன்னது நல்ல பழக்கம், நல்ல மனுஷங்கன்னுதான்.

பணம் போடற பக்கம் இப்படின்னா கடன் வாங்கற பக்கம் தனிக் கதை, அதுல கர்நாடகா 2025 பிப்ரவரியில மைக்ரோஃபைனான்ஸ் தொல்லைக்கு அவசரச் சட்டம் கொண்டு வந்துச்சு, கவர்னர் ஒரு தடவை திருப்பி அனுப்பி ரெண்டாவது தடவை கையெழுத்து போட்டார், மிரட்டி வசூல் பண்ணினா 10 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். ஆர்பிஐல பதிவான கம்பெனிகளுக்கு அது பொருந்தாது. மறுபடியும் அதே எல்லைக்கோடு, பாருங்க.

அதனால யாராவது பணம் கேட்டு வந்தா நான் முதல்ல கேக்கறது லாபம் எவ்வளவுன்னு இல்ல, உங்க மேல எந்த ஆபீசுக்கு அதிகாரம், அங்க உங்க பதிவு எண் என்னன்னுதான். ஆர்பிஐ நடத்தற சச்சேத் போர்ட்டல் 2016லேர்ந்து இருக்கு, அதுல எந்தக் கம்பெனி எந்தக் கண்காணிப்பு ஆபீஸ்கிட்ட பதிவு ஆகியிருக்குன்னு தேடலாம், புகாரும் போடலாம், அந்தப் புகார் சம்பந்தப்பட்ட ஆபீசுக்குப் போகும், எஸ்எல்சிசி ஆட்களும் அதைப் பாக்கறாங்க. பேங்க், என்பிஎஃப்சி மேல குறைன்னா முதல்ல அவங்ககிட்டயே எழுதிக் குடுத்துட்டு 30 நாள் பாத்து, பதில் இல்லன்னா ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேன், அதாவது குறை தீர்க்கற அதிகாரி, ஹெல்ப்லைன் 14448. சீட்டுன்னா உங்க வட்டாரத்து சீட்டு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ், கூட்டுறவுத் துறை கட்டடத்துல விசாரிச்சா காட்டுவாங்க. எந்த ஆபீஸ்னே தெரியலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. ஏற்கெனவே பணம் மாட்டிக்கிட்டவங்க ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், பார்ட்னர்னு குடுத்த பேப்பர், வாட்ஸப் மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீங்க, க்ளெயிம்ல பேங்க் வழியா போன பணத்தைத்தான் நிரூபிக்கறது சுலபம், கையில குடுத்த பணத்துக்கு சாட்சி தேடி அலையணும். வாங்கின லாபத்தையும் மறைக்காம எழுதுங்க, அவங்க கம்ப்யூட்டர்ல அது ஏற்கெனவே இருக்கும், ரெண்டு கணக்கும் ஒத்துப் போகலன்னா உங்க ஃபாரம் வரிசையில பின்னாடி போயிடும்.